முப்பதாயிரத்துக்குள் இரண்டு லேப்டாப்கள்

கல்லூரியில் இடம் கிடைத்து, ஃபீஸ் கட்டி, ஹாஸ்டலுக்கும் கட்டிய பிறகு வரும் செலவு லேப்டாப். சாதாரண வருமானமுள்ள வீட்டில் அதற்கென்று ஒதுக்க முடிவது இருபத்தைந்து, மிஞ்சினால் முப்பதாயிரம். அதுவும் ஒருமுறைதான். நான்கு வருடப் படிப்பு முடிவதற்குள் இன்னொன்று வாங்கித்தர முடியாது என்பது அப்பா அம்மாவுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். இந்த வாங்கலில் தவறு நேர்ந்தால் தாங்க முடியாதவர்கள் இவர்கள்தான். ஆனால் கடைகளில் இவர்களுக்குச் சொல்லப்படுவதோ "ஐஃபைவ் சார்", "எட்டு ஜிபி சார்" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே.

இந்தத் தொகைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஷோரூமிலோ ஆன்லைன் தள்ளுபடியிலோ புதிதாக ஒன்று. அல்லது ஐ.டி. கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு லாட்டாகக் கழித்துவிட்ட பிசினஸ் லேப்டாப்; சென்னை என்றால் ரிச்சி தெரு, பெங்களூர் என்றால் எஸ்.பி. ரோடு, டெல்லி என்றால் நேரு பிளேஸ். "புதுசா, பழசா?" என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் முடிவு கிடைக்காது. ஆகவே குறிப்பாக இரண்டை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் லெனோவாவின் தயாரிப்பு என்பதால் எந்த கம்பெனி நல்லது என்ற பேச்சுக்கே இடமில்லை. புதியது ஐடியாபேட் 1: ரைசன் 3 7320யூ பிராசஸர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குலத் திரை. தள்ளுபடிக் காலத்தில் முப்பதாயிரத்தை ஒட்டி விற்கும் ரகம். பழையது திங்க்பேட் டி480: கோர் ஐ5-8250யூ, 14 அங்குலத் திரை. 2018-ல் வெளிவந்தது. ரீஃபர்பிஷ்டு கடைகளில் இருபதாயிரம் சொச்சத்துக்குக் கேட்கலாம்.

முதலில் வேகம். இதில் புதியது ஜெயிக்கிறது. ஆனால் பெயரைப் பார்த்து நினைக்குமளவு அது புதியதில்லை. ஏஎம்டியின் இந்த எண்வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7320-இல் அது 2. அதாவது ஜென் 2, 2019-ல் வெளிவந்த வடிவமைப்பு. 2022-ல் 6 நானோமீட்டர் முறையில் புதிதாக அச்சிட்டு 7000 வரிசையில் சேர்த்தார்கள். ரைசன் 5 7520யூ என்று கொஞ்சம் கூடுதல் விலைக்கு வருவதும் இதே ஜென் 2, அதே நான்கு கோர்கள்தான். "5 போட்டிருக்கு, நல்லது" என்று மூவாயிரம் நாலாயிரம் அதிகம் கொடுப்பவர்கள் இந்த மூன்றாவது இலக்கத்தைப் பார்த்தால் போதும். டி480-இன் இன்டெல் பிராசஸர் 2017 ஆகஸ்டில் வந்தது. நான்கு கோர், எட்டு திரெட், 14 நானோமீட்டர். ஆக ஷோரூம் கண்ணாடிக்குள் இருப்பதற்கும் ரிச்சி தெருவில் அடுக்கியிருப்பதற்கும் வடிவமைப்பில் உள்ள இடைவெளி இரண்டு வருடம்தான். ஓட்டிப் பார்த்தால் ரைசன் வேகமானது. சூடும் குறைவு, மின்சாரமும் குறைவு. ஆனால் பைத்தான் எழுதுவது, புராஜெக்ட் ரிப்போர்ட் டைப் அடிப்பது, யூடியூபில் என்பிடெல் வகுப்பு பார்ப்பது போன்ற வேலைகளில் பிராசஸர் வேகம் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. இரண்டாம் வருட மாணவர் லேப்டாப் இழுக்கிறது என்று சொல்லும்போது பெரும்பாலும் இழுப்பது ரேம்.

ஐடியாபேட் 1-இல் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. கூடுதலாகச் செருக இடமே கிடையாது. 8 ஜிபி வாங்கினால் அந்தக் கருவியின் ஆயுள் முழுக்க 8 ஜிபிதான். அதிலும் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கிவிடும். விண்டோஸ் 11, குரோமில் பத்துப் பதினைந்து டேப், பக்கத்தில் விஎஸ் கோட் என்று திறந்தால் இன்றே நிரம்பிவிடுகிறது. மூன்றாம் வருடத்தில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ வந்தால் எமுலேட்டரைத் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். டி480-இல் இரண்டு ரேம் ஸ்லாட்டுகள் இருக்கின்றன. நிறுவனக் கணக்குப்படியே 32 ஜிபி வரை ஏற்றலாம். அதிகமாக விற்பது 16 ஜிபி போட்ட பீஸ்.

ரேமைப் பற்றவைப்பதைக் குற்றமாக மட்டும் சொல்லவும் முடியாது. எல்பிடிடிஆர்5 வகை ரேம் வேகமானது, மின்சாரம் குறைவாகக் குடிப்பது. ஸ்லாட் இல்லாததால் கருவியும் மெலிகிறது. வசதியுள்ளவர் 16 ஜிபி மாடலாகவே வாங்கிக்கொள்வார். முப்பதாயிரத்தோடு வருபவர்தான் 8 ஜிபியில் மாட்டுகிறார். "8 ஜிபி பீஸ் வாங்கிப் பிறகு ஏத்திக்கலாம்" என்று பழைய லேப்டாப் பக்கம் சொல்லப்படும் யோசனையும் இப்போது அவ்வளவு சரியில்லை. 2025 கடைசியிலிருந்து, ஏஐ சர்வர்களுக்கான தேவையால், ரேம் விலை உலகெங்கும் ஏறிக்கிடக்கிறது. டி480 எடுப்பதென்றால் 16 ஜிபி ஏற்கெனவே போட்டிருக்கும் பீஸாகப் பார்த்து எடுப்பதே மேல்.

இரண்டையும் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றினால்தான் உண்மையான வித்தியாசம் கண்ணில் படும். டி480-இன் அடித்தகட்டிலுள்ள திருகுகள் தளர்த்திய பிறகும் தகட்டை விட்டு விழாது, காணாமல் போகாது. திறந்ததும் ரேம், எஸ்எஸ்டி, உள் பேட்டரி, வைஃபை கார்டு, ஃபேன் எல்லாம் தனித்தனியாகக் கைக்கு எட்டும். கீபோர்டு தனியாகக் கழன்று வரும். அடியில் தண்ணீர் வடிய வழி விட்டிருப்பார்கள். பழுது பார்ப்பதற்கான கையேட்டை நிறுவனமே இணையத்தில் வைத்திருக்கிறது. கம்பெனிகளில் ஐநூறு, ஆயிரம் என்று வாங்கிப் போட்டு, அங்கேயே இருக்கும் ஐ.டி. பையன் கால் மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் செய்த கருவி இது. அந்த எண்ணத்தின் பலன் இத்தனை வருடம் கழித்து ஒரு மாணவருக்குக் கிடைக்கிறது.

ஐடியாபேட் 1 மோசமாகச் செய்த கருவியில்லை. விலையைக் குறைக்க எதை விட வேண்டுமோ அதை விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கீபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது மேல்மூடியோடு பிளாஸ்டிக் முளைகளை உருக்கி ஒட்டப்பட்டது. ஹாஸ்டலில் டீ கொட்டி நாலு எழுத்து செத்துப்போனால் சர்வீஸ் சென்டரில் கீபோர்டை மட்டும் மாற்றித் தர மாட்டார்கள். கைவைக்கும் பலகை முழுவதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தெருமுனைக் கடைக்காரர் முளைகளை வெட்டி, புதுக் கீபோர்டை ஒட்டித் தருவார். ஆனால் அழுத்தும்போது நடுவில் அமுங்கும். அடுத்தது ஹிஞ்ச். விலை குறைந்த பிளாஸ்டிக் லேப்டாப்களில் ஹிஞ்ச்சின் திருகுகள் பிளாஸ்டிக் தூணுக்குள் பதித்த சின்னப் பித்தளை நட்டுகளில் பிடித்திருக்கும். இரண்டு வருடத்தில் ஹிஞ்ச் இறுகும். ஒரு மூலையைப் பிடித்துத் திறந்து திறந்து ஒருநாள் நட்டு தூணோடு பிய்ந்து வரும். திரையின் ஓரம் வாய் பிளக்கும். பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி எல்லாம் நன்றாக இருக்கும், மூடத்தான் முடியாது. ரிச்சி தெருவின் சர்வீஸ் மேசைகளில் ஒரு மாலை நின்று பார்த்தால் இப்படி வாய் பிளந்தவை வரிசையாக வந்துகொண்டிருப்பது தெரியும். புது லேப்டாப் எடுப்பவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, திரையை எப்போதும் நடுவில் பிடித்துத் திறங்கள் என்பதே.

பேட்டரியில் பழையதற்குத் தோல்வி, அதுவும் படுதோல்வி. புதிய ஐடியாபேடின் 42 வாட்-மணி பேட்டரி, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் பிராசஸரோடு சேர்ந்து, கல்லூரியில் அரைநாளைத் தாங்கும். டி480-இல் உள்ளே ஒன்று, பின்னால் கழற்றி மாட்டுவது ஒன்று என்று இரண்டு பேட்டரிகள். உள்ளது 24 வாட்-மணி, வெளியே 24, 48 அல்லது 72. புதிதாக இருந்தபோது அது அபாரம். வெளி பேட்டரியைக் கழற்றி வேறு போடும் வரை உள் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று கையில் வருவதோ தேய்ந்த பேட்டரி. கடையில் இந்த உரையாடல் தவறாமல் நடக்கும்:

"பேக்கப் எவ்வளவு நேரம்ணா வரும்?"

"தாராளமா ரெண்டரை மணி நேரம் வரும் தம்பி."

வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு கட்டளைதான், எந்தக் கடைக்காரருக்கும் தெரியும். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண்கள் ஒவ்வொரு பேட்டரிக்கும் தனித்தனியாக வரும். முதல் எண் 24,000 இருந்து இரண்டாவது 12,000 என்றால் பாதி உயிர் போய்விட்டது என்று பொருள். அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம். இந்தக் கருவியின் அனுகூலம், வெளி பேட்டரியை மாற்ற மெக்கானிக் தேவையில்லை என்பது. இரண்டு தாழ்களைத் தள்ளினால் கையோடு வரும். ஆனால் பெயர் தெரியாத மலிவு பேட்டரியை மட்டும் வாங்காதீர்கள். உப்பிய பேட்டரி மடியில் இருப்பது ஆபத்து.

டி480-க்குப் பிறவிக் குறை ஒன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் பரிந்துரைப்பது நியாயமாகாது. அதன் தண்டர்போல்ட் கட்டுப்பாட்டுச் சில்லின் ஃபர்ம்வேரில் இருந்த பிழையால் டைப்-சி போர்ட் நாளடைவில் செயலிழக்கும். அந்த வழியாக சார்ஜ் ஏறாமலே போகும். நிறுவனம் பிறகு இதற்கென்றே திருத்தம் வெளியிட்டது. பழைய கம்பெனி அதைப் போட்டிருந்தால் நல்லது. போடாவிட்டால், கெட்டுப்போவதற்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். கடையில் இரண்டு டைப்-சி போர்ட்டிலும் சார்ஜரை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். இரண்டிலும் சார்ஜ் ஏற வேண்டும்.

மற்ற போர்ட்டுகளில் பழையது தாராளம்: லேன் கேபிள் நேராகச் செருகலாம், டைப்-சி வழியாகவே சார்ஜும் செய்யலாம், வெளித் திரையும் இணைக்கலாம். ஐடியாபேட் 1-இன் டைப்-சி, தகவல் மாற்ற மட்டும். அதை சார்ஜ் செய்ய அதற்கென்ற உருண்டைப் பின் சார்ஜர்தான் வேண்டும். திரை இரண்டிலுமே சுமார்தான். டி480-இல் 1366×768 திரை போட்ட பீஸ்களும் சந்தையில் கலந்து வரும். அவற்றைத் தொடவேண்டாம், ஃபுல் ஹெச்டி ஐபிஎஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

பழையதில் ஏமாறுவதற்கு மிக எளிதான இடம் தலைமுறை எண். டி480-க்கு முந்தையது டி470. இரண்டையும் அருகருகே மூடி வைத்தால் பழகியவர்களே தடுமாறுவார்கள். இரண்டிலும் ஐ5 ஸ்டிக்கர். ஆனால் டி470-இல் இருப்பது ஏழாம் தலைமுறை அல்லது அதற்கும் முந்தையது, இரண்டே கோர். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியல், ஓரிரு விதிவிலக்குகள் போக, இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால் ஏழாம் தலைமுறைக் கருவிகள் மொத்தமாகக் கழிக்கப்பட்டுச் சந்தையில் குவிகின்றன. தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதித்து அதில் விண்டோஸ் 11 போட்டுத் தருவதும் நடக்கிறது. திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். பெரிய அப்டேட் வரும்போது மாட்டும். ஐ5 என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வரும் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 8 இருக்க வேண்டும். 7 என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும், விண்டோஸில் படிக்கப்போகும் மாணவருக்கு அது ஆகாது.

அதே காரணத்தால் டி480 பட்டியலின் கடைசிப் படியில் நிற்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த விண்டோஸ் வரும்போது முதலில் கைவிடப்படுவது எட்டாம் தலைமுறையாக இருக்கலாம். அப்படி ஆனால் லினக்ஸ் மின்ட், உபுன்டு போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம். திங்க்பேடில் லினக்ஸ் நன்றாகவே ஓடும். கணினி அறிவியல் மாணவருக்கு அது நல்ல பயிற்சியும்கூட. பி.காம். மாணவிக்கு டேலி வேண்டும். அவருக்கு அது தீர்வாகாது.

இனி பணம். முப்பதாயிரமும் இருபத்திரண்டாயிரமும் பக்கத்தில் வைத்தால் இரண்டாவது குறைவு என்பது கணக்கு. ஆனால் முப்பதாயிரத்தை ஒன்பது தவணையாகக் கட்டலாம், இருபத்திரண்டாயிரத்தை மொத்தமாக எண்ணிவைக்க வேண்டும் என்னும்போது, தினக்கூலி வீட்டுக்கு முதலாவதே எளிது. புது லேப்டாப்புக்கு இ.எம்.ஐ. உண்டு, பழைய லேப்டாப் கடைகளில் அநேகமாகக் கிடையாது. நோ-காஸ்ட் இ.எம்.ஐ. என்றாலும் பிராசஸிங் ஃபீஸும், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு என்பதைச் சேர்த்துப் பாருங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் கேட்பதே இல்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்புக்குத் தேவை என்றால் கணினி வாங்கும் செலவையும் கடனில் சேர்க்க இடமுண்டு. அதற்குக் கொட்டேஷனும் பில்லும் வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதித் தரும் கடையில் வாங்கினால் அந்த வழி அடைபடும்.

பில் வேறொரு காரணத்துக்காகவும் வேண்டும். சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் இல்லாத பழைய லேப்டாப் திருட்டுப் பொருளாக இருக்கலாம்; பிள்ளையின் பையில் அது இருக்கக்கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, ரீஃபர்பிஷ் செய்பவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முறைக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்படிப் பதிவு செய்த நிறுவனங்கள் ஆறு மாதமோ ஒரு வருடமோ வாரண்டியும் தருகின்றன. சின்னக் கடையைவிட இரண்டாயிரம் மூவாயிரம் கூடும். அதைக் கொடுப்பது நல்லது என்பேன்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே இரண்டு பூட்டுகளைச் சோதிக்க வேண்டும். ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அதோடு கிளம்பிவிடலாம். பழைய கம்பெனி வைத்துவிட்டுப் போன அந்தப் பூட்டைத் திறப்பது சாமானிய வேலையில்லை. அடுத்து, விண்டோஸை முழுவதும் ரீசெட் செய்து, வைஃபை இணைத்து, முதலிலிருந்து துவக்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் போட்டு அலுவலக மெயில் ஐடி கேட்டால், அந்தக் கருவி இன்னும் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது. கடைக்காரர் நெட் இல்லாமல் துவக்கிக் காட்டினால் இது தெரியவே தெரியாது. ஹாஸ்டலில் போய் என்றைக்கோ ஒருநாள் ரீசெட் செய்யும்போதுதான் தெரியவரும்.

புதியதன் பக்கத்தில் இந்த அலைச்சல் ஒன்றும் இல்லை. பெட்டியைப் பிரிக்கலாம், ஒரு வருட வாரண்டி, பல மாடல்களில் எம்எஸ் ஆஃபீஸும் சேர்த்தே வரும். பக்கத்தில் விவரம் தெரிந்தவர் இல்லாத குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பெண், ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கே இரண்டு பஸ் மாற வேண்டும் என்றால், அவருக்கு நான் ஐடியாபேடையே சொல்வேன், முடிந்தவரை 16 ஜிபி மாடலாக. வாரண்டி முடியுமுன் ஹிஞ்ச்சோ கீபோர்டோ சின்னக் குறை காட்டினாலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊரில் படிப்பவர், கூடவே ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்த அண்ணனோ சீனியரோ இருப்பவர் என்றால் டி480. வாங்கியது போக மீதியை வங்கியில் வைத்திருந்து, புது பேட்டரிக்கும் பிறகு ஒரு எஸ்எஸ்டிக்கும் செலவழிக்கலாம். நான்காம் வருடத்திலும் அந்தக் கருவி வேலை செய்யும் வாய்ப்பு இதில்தான் அதிகம் என்பது என் கணிப்பு. டி480 கிடைக்காவிட்டால் அதே எட்டாம் தலைமுறையில் டெல் லாட்டிடியூட் 5490, ஹெச்பி எலைட்புக் 840 ஜி5 இரண்டிலும் இரண்டு ரேம் ஸ்லாட் உண்டு. அடுத்த மாடலான டி490 புதுசுதானே என்று போனால், அதில் வெளி பேட்டரியை எடுத்துவிட்டார்கள். ரேமில் ஒரு பங்கு பற்றவைத்தது, ஒரே ஒரு ஸ்லாட்தான் மிச்சம்.

இந்த இரண்டுக்கும் கீழே, இருபதாயிரத்தை ஒட்டிப் புதுப் பெட்டியில் வரும் செலரான் என்4020, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி ரகத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம்; அந்தக் கோட்டில்தான் இது நிற்கிறது. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் இடத்தைப் பிடித்த பிறகு, முதல் செமஸ்டருக்குள்ளேயே "டிஸ்க் ஃபுல்" என்று வரத் தொடங்கும். பளபளப்பான பெட்டி, ஒரு வருட வாரண்டி, மலிவு விலை எல்லாம் உண்டு. ஆனால் கெட்டுப்போகாத கருவியை சர்வீஸ் சென்டரில் என்னவென்று சொல்லிக் கொடுப்பது? அதை வாங்குமளவுக்குத்தான் பணம் என்றால், அதே பணத்துக்கு மேலே சொன்ன எட்டாம் தலைமுறைக் கருவிகளில் ஒன்றைச் சோதித்து எடுங்கள். அதற்கு ஆளில்லை என்றால் ஒரு செமஸ்டர் கல்லூரி லேபில் சமாளித்துவிட்டு, இன்னும் எட்டாயிரம் சேர்த்து வாங்குங்கள்.